எனக்காகப் போட்ட ஃபேன்

சுலைகா சாச்சியின் கோலிக்குள் காலை வைத்ததும் என் முகத்தில் அடித்தது காற்றுதான். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தரையை ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. எப்போதும் அட்டையால் அடைத்து வைத்திருக்கும் ஜன்னல் அன்று அகலத் திறந்து கிடந்தது.

கோலி என்றால் எங்கள் தாராவியில் அறை. பகலில் பட்டறை, இரவில் வீடு. சாச்சியின் கோலியில் தோல் பைகளுக்கான ஒட்டு வேலை நடக்கும். வெட்டி வந்த தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, அழுத்தி, தையல் பட்டறைக்கு அனுப்புவார்கள். சொல்யூஷன் என்பது தேன் நிறத்தில் இருக்கும் ரப்பர் பசை. டின் மூடியைத் திறந்தால் கல்லி முனை வரைக்கும், அதாவது சந்து முனை வரைக்கும், வாசனை போகும். அந்த வாசனையில் பெண்கள் எவ்வளவை மூச்சில் இழுக்கிறார்கள் என்று அளக்கத்தான் நான் போயிருந்தேன்.

என் கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டர். உள்ளே இருக்கும் குட்டி பம்பு காற்றை உறிஞ்சும், திரையில் எண் வரும், அளவு கூடிப்போனால் கீக் கீக் என்று கத்தும். கல்லூரி கொடுத்த ஆராய்ச்சிப் பணத்தில் வாடகைக்கு எடுத்தது. ஆட்டோ குலுக்கலில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, பையோடு மார்பில் அணைத்துக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து நடந்தே கொண்டுவந்திருந்தேன். பக்கத்தில் வைதேகி. என் வகுப்புத் தோழி, இந்த ஆராய்ச்சியில் என் கூட்டாளி, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் முலுண்டுக்காரி. தாராவிக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை.

"ஏளா சம்சு, என்ன வாசல்லயே நிக்க? உன் கூட்டாளியக் கூட்டிட்டு வா. ஃபேனுக்கு நேரா உக்காரச் சொல்லு" என்றாள் சாச்சி.

சாச்சி என் வாப்பாவின் தம்பி மனைவி. அந்தக் கல்லியில் ஒட்டு வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான். அன்று பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலையில் இருந்தாள். மற்றவர்களும் நல்ல சேலையில்தான் இருந்தார்கள். காலையில் என்னோடு டீ குடித்துவிட்டு நைட்டியில் கிளம்பிப் போன என் உம்மாகூட, அங்கே இஸ்திரி போட்ட சேலையில் உட்கார்ந்திருந்தாள். நான் முறைத்தேன். அவள் என்னைத் தெரியாதவள் மாதிரி பிரஷை எடுத்தாள்.

மீட்டரைத் தரையில் வைத்து ஆன் செய்தேன். உடனே அது ஊரைக் கூட்டியது. பெண்கள் எல்லாரும் பதறிப் பின்னால் நகர்ந்தார்கள். பார்த்தால் மூலையில் சாம்பிராணி. ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மணக்கட்டும் என்று சாச்சி போட்டு வைத்திருந்தாள். சாம்பிராணியை வெளியே கொண்டுபோனதும் எண் இறங்கியது. இறங்கி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

"பாத்தியளா? நம்ம கோலில ஒண்ணும் கெடையாது" என்று சாச்சி எல்லாரையும் ஒருமுறை பெருமையாகப் பார்த்தாள்.

வைதேகி எண்களை எழுதிக்கொண்டாள். எங்கள் முன்னால் கேசரி வந்தது, ரோஸ் மில்க் வந்தது. அந்த வாரம் நாங்கள் ஏறி இறங்கிய கோலிகளில் எல்லாம் இதே உபசாரம்தான். எண்களும் அதே மாதிரிதான். வயிறு நிறைந்து, மனசு நிறைந்து திரும்பினோம். அந்த வயதில் எனக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.

யாரும் படிக்காத காகிதம்

இந்த மீட்டர் என் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரி மாட்டுங்காவில் இருந்தது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் வாசலில் ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. அதில் தொலைந்த ஐ.டி. கார்டு, கேன்டீன் லீவு, டான்ஸ் போட்டி எல்லாம் ஒட்டுவார்கள். அவற்றுக்கு அடியில் பாதி மறைந்து ஒரு காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டப்படிப்பு மாணவர்கள் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய நிதி உதவி, கோடை விடுமுறையில் வேலை, ஒரு குழுவுக்கு மட்டும் இடம்.

வகுப்பில் கேட்டேன். "அதெல்லாம் எம்.எஸ்ஸி. ஆளுங்களுக்கு" என்றார்கள். காகிதத்தில் அப்படி இல்லையே என்றேன். "எழுதுவாங்க, குடுக்க மாட்டாங்க" என்றார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம், கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதை வாங்கிப் பார்க்காமல் தூக்கம் வராது. வைதேகியின் குணம் வேறு. அவள் எந்தக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்து முடிப்பவள். நான் சண்டைக்குப் போவேன், அவள் தேவையான காகிதங்களோடு பின்னால் வருவாள்.

எதை ஆராய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. என் உம்மாவுக்குத் தலைவலி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே உண்டு. மதியத்துக்கு மேல் நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைப்பாள். கல்லி முனை டாக்டர் பித்தம் என்றார். வாப்பா தூக்கம் பத்தவில்லை என்றார். வேலை கொடுக்கும் முதலாளி, வேலையைத் தட்டிக்கழிக்க இந்தப் பெண்களுக்கு ஒரு சாக்கு என்றார். ஒருநாள் எனக்கும் கோபத்தில் வாயில் வந்துவிட்டது, "எப்பப் பாத்தாலும் தலவலி, தலவலின்னு." உம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கு என் மேல் நம்பிக்கையே இல்லை. வெளியிலிருந்து எத்தனையோ பேர் கருவியோடு தாராவிக்குப் போயிருக்கிறார்கள், போனதும் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் எப்படி உள்ளே போவீர்கள் என்று கேட்டார்.

"சார், அது என் வீடு. எனக்குக் கதவைத் திறப்பாங்க" என்றேன்.

அந்த ஒரு பதிலுக்குத்தான் நிதி கிடைத்தது என்று மேடம் பிறகு சொன்னார். மேடம் என்றால் குல்கர்ணி மேடம், எங்கள் வழிகாட்டி. முதல் பாதிப் பணம் உடனே வரும். இடையில் ஒரு ரிவ்யூ. அதில் அளவுகள் சரியில்லை என்றால் மீட்டர் திரும்பிப் போய்விடும், மீதிப் பணம் வராது. டிகிரிப் பிள்ளைகளை நம்பி எங்கள் டிபார்ட்மென்ட் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் சொதப்பினால் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவு சாத்தப்படும். மேடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட்டு எழுதுகிறவர்களுக்கு

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவிட்டுச் சில பிள்ளைகள் எனக்கு எழுதுகிறார்கள். "அக்கா, டிகிரி படிக்கும்போதே ஆராய்ச்சிக்குப் பணம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

கிடைக்கவில்லை அம்மா, கேட்டேன். கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பதில் போட்டு எனக்கு மாளாது.

பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் கோடை விடுமுறையில் டிகிரி மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன, உதவித்தொகையும் தருகின்றன. பல கல்லூரிகளிலும் சின்னதாக ஒரு நிதி இருக்கும், கேட்பார் இல்லாமல் கிடக்கும். உங்கள் ஆசிரியர் யாராவது ஏதாவது ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருப்பார், அவருக்குக் கை வேண்டியிருக்கும். போய் நில்லுங்கள். என்ன செய்ய ஆசை என்று கேட்டால் "எதுனாலும் ஓகே மேம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கே உண்மையில் பதில் தெரியாத, தெரியாமல் தூக்கம் வராத ஒரு கேள்வியோடு போங்கள். கடைசி வருடம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். மார்க் குறைவு, இங்கிலீஷ் வராது என்று நீங்களே உங்களை ஃபெயிலாக்காதீர்கள், அந்த வேலைக்கு வேறு ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

போதும். காப்பிக் கடைக்குப் போவோம்.

பறந்துகொண்டிருந்த காலண்டர்

கிங்ஸ் சர்க்கிளில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு ஓட்டல். மேஜைக்கு அடியில் கால் நீட்ட இடம் இருக்காது, காப்பி மட்டும் நுரையோடு வரும். ரிவ்யூவுக்குக் கொடுக்க எண்களையும் படங்களையும் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் நன்னா லோவா வந்துருக்குடி. கிராஃப் போட்டா அழகா இருக்கும்" என்றாள் வைதேகி.

எனக்கு ஏதோ இடித்தது. வரும் வழியில் எங்கள் லேப் வாசலில் மீட்டரைச் சும்மா ஆன் செய்து பார்த்திருந்தோம். அங்கே வந்த எண் சாச்சியின் கோலியில் வந்ததைவிடக் கூடுதல். ஸ்பிரிட்டும் அசிட்டோனும் இருக்கிற இடம், கூடத்தான் இருக்கும் என்று வைதேகி சொன்னாள். இருக்கட்டும். ஆனால் டின் டின்னாகச் சொல்யூஷன் ஓடும் கோலி, கல்லூரி வராந்தாவைவிடச் சுத்தமா?

வைதேகி போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் அவள் கையைப் பிடித்தேன். உம்மா பிரஷோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் மாதக் காலண்டர். அதன் தாள் மேலே எழும்பி நிற்கிறது. உம்மாவின் முக்காடு ஒரு பக்கமாகப் பறக்கிறது. வெட்டிய தோல் துண்டுகள் பறந்துவிடாமல் இருக்க அவற்றை முட்டியால் அமுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி?"

"ஃபேன்" என்றேன்.

"ஃபேன்தான். அதுக்கென்ன?"

ஒட்டு வேலை நடக்கும் கோலியில் ஃபேன் போட மாட்டார்கள். ஃபேன் போட்டால் தடவிய சொல்யூஷன் மடிப்பதற்குள் காய்ந்து ஏடு கட்டிவிடும், ஒட்டாது. காற்றோடு தூசியும் வந்து பசையில் உட்காரும். ஜன்னலை அடைத்து வைப்பதும் அதற்காகத்தான். ஏப்ரல், மே மாதங்களில்கூட எங்கள் கோலிகளில் ஃபேன் சும்மா தொங்கும். நான் தவழ்ந்து வளர்ந்ததே அப்படித்தான். பெண்கள் விரல்களில் காய்ந்த சொல்யூஷனை உரித்துப் போடுவார்கள், நாங்கள் பிள்ளைகள் அதை உருட்டிப் பந்தாக்கிச் சுவரில் அடித்து விளையாடுவோம். வேர்வை சொட்டச் சொட்டத்தான் விளையாடுவோம். அந்தக் கோலிகளில் ஃபேன் சுற்ற வேண்டுமென்றால் விருந்தாளி வர வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போடுவார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்குப் போடுவார்கள். வேலை அந்த நேரத்துக்கு நின்றுவிடும், சும்மா பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

எனக்கும் போட்டிருக்கிறார்கள்.

வெளி ஆள் போனால் ஷட்டரை இறக்குவார்கள், என் வீடு, எனக்குத் திறப்பார்கள் என்று நான் நேர்முகத்தில் மார்தட்டியிருந்தேன். திறந்தார்கள்தான். கழுவி, மெழுகி, சாம்பிராணி போட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, வேலையை நிறுத்தி வைத்துவிட்டுத் திறந்தார்கள். வெளி ஆளுக்காவது மூடிய ஷட்டர் என்று ஒரு உண்மை கிடைத்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு பயங்கரமாகக் கோபம் வந்தது. காப்பி ஆறிப்போனது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் வைதேகி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த நம்பரும் நாம அளந்ததுதானே சம்சு? பொய் ஒண்ணும் எழுதலையே. ரிவ்யூ முடியட்டும். ரெண்டாவது பணம் வந்ததும் வேற மாதிரி அளக்கலாமே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நாளைக்கு அந்தக் காகிதத்தில் என் பெயருக்கு மேலே, ஒட்டு வேலைக் கோலிகளில் காற்று சுத்தம் என்று இருக்கும். உம்மாவின் தலைவலிக்குப் பித்தம், தூக்கம், சாக்கு என்று மூன்று பேர் மூன்று காரணம் சொல்லியாகிவிட்டது. நாலாவதாக அவள் பெற்ற மகள் மீட்டரோடு வந்து, அங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டுமா?

"முடியாது வைதேகி. மேடம்கிட்ட போலாம்" என்றேன்.

மேடம் சிரித்தார்

மேடத்திடம் ஃபேன் கதையைச் சொன்னோம். கேசரியையும் விடவில்லை. மேடம் மராட்டிக்காரர், எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படிச் சிரித்தார்.

"பேட்டா, யே டேட்டா நஹீ ஹை. யே தோ பார்ட்டி ஹை."

இது டேட்டா இல்லை மகளே, விருந்து என்கிறார். விருந்துதான். மறுக்க முடியுமா? அத்தனை எண்களையும் தூக்கி எறியுங்கள் என்றார். ரிவ்யூவைத் தள்ளிப்போட முடியுமா என்று வைதேகி கேட்டாள். முடியாது, வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். கையில் இருந்தது ஒரு வாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான நேரம்.

மீட்டரைப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, சும்மா பார்க்கப் போகிற மாதிரி போய் அளந்தால் என்ன என்று நான் கேட்டேன். அப்போதுதான் மேடம் சிரிப்பை நிறுத்தினார். மூச்சு அவர்களுடையது, அவர்களுக்குத் தெரியாமல் அளந்தால் தானே பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். மேடம் சொல்லியிருக்காவிட்டால் நான் அதைச் செய்திருப்பேன்.

"கோலிக்குச் சீல் வச்சிட்டா?"

அன்று சாயங்காலமே சாச்சியின் கோலிக்குப் போனேன். மீட்டர் இல்லாமல், தனியாக. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் அடைத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. சாச்சி, உம்மா, இன்னும் சில பெண்கள், எல்லாரும் பழைய நைட்டியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். இப்படி, இதே மாதிரி, ஒன்றையும் மாற்றாமல் அளக்க வேண்டும் என்றேன்.

சாச்சி பிரஷை டின்னின் விளிம்பில் வழித்தாள். "முடியாது" என்றாள்.

"ஏன் சாச்சி?"

"ஏன்னா கேக்க? நீ கூட்டிக் கூட்டி எழுதுவ. எவனாவது அதப் படிச்சிட்டு வருவான். கோலிக்குச் சீல் வச்சிட்டா என் தந்தா, பொழப்பு மொத்தமும் பந்த். இந்தப் பிள்ளையெல்லாம் எங்க போவும்? உங்க உம்மா எங்க போவா?"

"பேரு போட மாட்டேன். கல்லி பேரும் போட மாட்டேன்."

"நீ போட மாட்ட. கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாவும்? சம்சு பிள்ள எந்தக் கல்லின்னு கேட்டா சயான் வரைக்கும் சொல்லுவான். நல்லா மரியாதையா கூப்புட்டோம், சாப்புட வச்சோம், அளந்துட்டுப் போன. அதோட விடு."

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா தோலின் ஓரத்தை நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் போனேன். சாச்சி முகம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் போனேன். "இவ ஒருத்தி, வேலையத்தவ" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து போகச் சொன்னால் போவதாக இல்லை, சாச்சியும் அதைப் புரிந்துகொண்டு போகச் சொல்லவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம், உம்மா நெற்றியில் துணியைக் கட்டினாள். அதைப் பார்த்ததும்தான் நான் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் என் ரிவ்யூ, என் மீட்டர், என் காலேஜ் என்றே பேசிக்கொண்டிருந்தேன்.

"சாச்சி, முதல்ல அளந்த கணக்கு என்கிட்ட இருக்கு. கோலில ஒண்ணுமில்லன்னு இருக்கு. அத அப்படியே குடுத்தா காலேஜ் சீலோட பேப்பரா வரும்."

"வரட்டும். நல்லதுதான?"

"நாளைக்கி ஒரு பிள்ளைக்கி மயக்கம் வருது. நீங்க முதலாளிகிட்ட போய் நிக்கிய. அவரு அந்தப் பேப்பர எடுத்துக் காட்டுவாரு. உங்க பிள்ளைதான அளந்தா, காத்து சுத்தமால்லா இருக்கு, உங்களுக்கு என்ன கேடுன்னு கேப்பாரு. அப்ப என்ன பதில் சொல்லுவிய?"

சாச்சியின் பிரஷ் போய் வந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த ஒரு பெண் மெல்லச் சொன்னாள், "கேப்பாரு லாத்தா. இப்பவே பேப்பர் இல்லாமத்தான கேக்காரு."

"நம்பர் கூடுதலா வந்தாத்தான் சீல் வைப்பான்னு பயப்படுதிய" என்றேன். "ஒண்ணுமில்லன்னு வந்தா அதவிடப் பயம் சாச்சி. அதுக்கப்புறம் யாரும் உங்க பேச்சக் கேக்க மாட்டான்."

சாச்சி டின்னை மூடினாள்.

"எந்தக் கல்லின்னு ஒரு எழுத்து வரக்கூடாது."

"வராது."

"படம் எடுக்கக்கூடாது."

"எடுக்க மாட்டேன்."

"பேப்பர் வெளிய போறதுக்கு முன்னால இங்கன வந்து படிச்சுக் காட்டணும். தமிழ்ல."

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பதே அப்போது பெரிய பாடு. இந்தத் தொடரையே யாராவது திருத்திக் கொடுத்தால்தான் அச்சுக்குப் போகிறது. இருந்தாலும், சரி என்றேன். அந்த நேரத்தில் சாச்சி சீன மொழியில் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேர்வை

ரிவ்யூவில் என்ன ஆனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலையோடு கடைசிப் பகுதியைப் படிக்க வேண்டாம். தூக்கிப் போட்ட எண்களையும் புது எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். முதலில் எடுத்த எண்கள் ஏன் வீண் என்று ஒருவர் கேட்டார். ஃபேன் கதையைச் சொன்னேன். அறையே சிரித்தது. பிறகு வைதேகி இரண்டாவது கிராஃபை வைத்தாள், சிரிப்பு நின்றது. மீதிப் பணம் வந்தது. அடுத்த வருடம் எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு குழுவுக்குப் பதிலாக இன்னும் சில குழுக்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நோட்டீஸ் போர்டின் நடுவில் ஒட்டினார்கள், ஒட்டியது நான்தான்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ரிவ்யூ இல்லை, அதற்கு முந்தைய அந்தக் காலை.

நானும் வைதேகியும் சாச்சியின் கோலிக்குள் நுழைந்தோம். யாரும் தலையைத் தூக்கவில்லை. கேசரி இல்லை, ரோஸ் மில்க் இல்லை. தரையில் தோல் துணுக்குகள், நூல், வெற்று டின்கள். ஜன்னலில் அட்டை. வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ அவசர ஆர்டர். உட்கார இடம் இல்லாமல் நான் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்திலேயே வைதேகிக்கு முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. பாவம், அவள் எதையும் மறந்துவிடவில்லை, கை மட்டும் தன்னால் சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போய்விட்டது.

"அதத் தொடாத மக்கா" என்றாள் சாச்சி, தலையைத் தூக்காமலே. "ஃபேனு விருந்தாளுக்குத்தான். நீங்க நம்ம பிள்ளைய."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

மீட்டரை உம்மாவின் மூக்கு உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வைத்து ஆன் செய்தேன். எண் ஏறத் தொடங்கியது. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. உம்மா புது டின்னைத் திறந்தாள். மீட்டர் கத்த ஆரம்பித்தது. கீக், கீக், கீக். இந்த முறை யாரும் நகரவில்லை. சாம்பிராணி எதுவும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். பிரஷ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இதற்குத்தானே வந்தாய், இதைத்தானே கேட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எண்ணை எழுத மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஸ்கூல் போன வருடமெல்லாம், காலேஜ் போன வருடமெல்லாம், உம்மா இதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

உம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும்.

"இது கூடயா, கொறச்சலா?"

"கூட உம்மா."

"ரொம்பக் கூடயா?"

"ரொம்ப."

உம்மா பிரஷைக் கீழே வைத்தாள். நெற்றியில் கட்டியிருந்த துணியைக் கொஞ்சம் தளர்த்தினாள். சாச்சியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல உம்மா."

என் மடியில் இருந்த பேனாவை எடுத்து என் கையில் திணித்தாள். அவள் விரலில் இருந்த சொல்யூஷன் பேனாவில் ஒட்டிக்கொண்டது.

"பின்ன என்ன பாத்துக்கிட்டு இருக்க? எழுதுளா."